சரிவு என்னும் சொத்து

அமெரிக்காவில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களுக்கு எல்லையாகக் கிடப்பது பிட்டர்ரூட் மலைத்தொடர். அதன் முகட்டுக்கு அடியில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் குடையப்பட்டிருக்கிறது. அதன் கிழக்கு வாயிலில் தொடங்கி, மறுபக்கம் வெளிவந்து, பியர்சன் என்ற இடம்வரை 24 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை இறங்குகிறது. வழியில் பத்துச் சுரங்கங்கள், ஏழு உயர்ந்த பாலங்கள். அந்தப் பாலங்களில் மிக உயரமானது பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 70 மீட்டர் மேலே நிற்கிறது. ஹயவாதா பாதை என்று இன்று அழைக்கப்படும் இந்தத் தடத்தில், 1909 முதல் 1980 வரை மில்வாக்கி ரோடு என்று மக்கள் சுருக்கிச் சொன்ன ரயில் கம்பெனியின் வண்டிகள் ஓடின. 1998-ல் சைக்கிள்களுக்குத் திறந்துவிட்டார்கள். முகட்டுக்கு அடியிலுள்ள பெரிய சுரங்கம் 2001-ல் சேர்ந்துகொண்டது. கோடைக்காலத்தில் ஒரே பகலில் குழந்தைகளும் முதியவர்களும் அதுவரை மலைப்பக்கம் சைக்கிளைத் திருப்பியே பார்த்திராதவர்களும் இதை ஓட்டி முடிக்கிறார்கள். செங்குத்தான காட்டு மலையில் இது எப்படி முடிகிறது என்று கேட்டுப் பார்த்தால், ரயில்பாதைகளைப் பற்றி நாம் வழக்கமாக யோசிப்பது எவ்வளவு குறைபட்டது என்று தெரியும். மலை ரயில்பாதை ஒன்றின் ஆகப்பெரிய படைப்பு தண்டவாளமோ எஞ்சினோ நிலையமோ ஆகாது. மலையிலிருந்து செதுக்கி எடுக்கப்பட்ட அந்தச் சரிவுதான். தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றுவிடலாம், தேவைப்பட்டால் மறுபடி வாங்கிப் போட்டுவிடலாம். சரிவை ஒருமுறை கைநழுவ விட்டால் அதைத் திரும்ப உண்டாக்க எந்தத் தலைமுறைக்கும் எளிதில் துணிவு வராது. ஆகவே அது ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தோடு சேர்ந்து முடிந்துபோக விடக்கூடாத பொதுச்சொத்து என்பதும், சைக்கிள் பாதையாக்குவது அதைக் காப்பாற்ற இன்று நம் கையிலிருக்கும் வழிகளில் நேர்மையானது என்பதும் என் கட்சி.

அந்தச் சரிவின் அளவு 1.7 சதவீதம். அதாவது நூறு மீட்டர் போனால் ஒரு மீட்டர் எழுபது சென்டிமீட்டர் இறக்கம். இந்த எண் சைக்கிள் ஓட்டுபவரின் வசதிக்காக எவரும் கண்டுபிடித்ததில்லை. ரயில் எஞ்சினின் பலவீனம் அதை முடிவு செய்தது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் மிகக் குறைந்த உராய்வோடு உருளும். சமவெளியில் ரயிலை வேறெந்த வாகனமும் நெருங்க முடியாத சிக்கனமுள்ளதாக ஆக்குவது இதுதான். ஆனால் அதே வழுவழுப்பு மலையில் எதிரியாகிவிடுகிறது, பற்றிக்கொள்ளப் பிடிமானம் இல்லை. ஆயிரம் டன் எடையுள்ள வண்டித்தொடரை 1.7 சதவீத ஏற்றத்தில் நகர்த்தப் புவியீர்ப்புக்கு எதிராக மட்டுமே 17 டன் எடைக்கு நிகரான இழுவிசை வேண்டும். ஏற்றம் இரட்டித்தால் இழுவிசையும் இரட்டிக்கும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வண்டி பற்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்குவரை ஏறுகிறது. அது சிறிய வண்டி, பயணிகளுக்கான வண்டி, அதற்கு அது கட்டுபடியாகும். பசிபிக் கரைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லக் கட்டிய பெருந்தடத்துக்குப் பற்சக்கரம் உதவாது. எனவே பொறியாளர்களுக்கு இருந்தது ஒரே வழி: எஞ்சினால் ஏற முடிந்த அளவுக்கு மலையைத் தணிப்பது. பள்ளத்தாக்கைப் பாலத்தால் தாண்டினார்கள். குறுக்கே வந்த பாறையைக் குடைந்தார்கள். இறக்கத்தை நீட்டுவதற்காகவே லூப் கிரீக் என்ற ஓடையின் பள்ளத்தாக்குக்குள் தடத்தை வளைத்து, வந்த திசையிலேயே திருப்பி அனுப்பினார்கள். இன்றும் மேலே ஒரு பாலத்தில் நிற்பவருக்கு, சற்று நேரம் கழித்துத் தான் கடக்கப்போகும் பாலங்கள் எதிர்ச்சரிவில் தாழத் தெரிகின்றன.

எஞ்சினுக்காகச் செய்த இந்தச் சமரசம் மனிதக் கால்களுக்கு அப்படியே பொருந்திப்போனது தற்செயல்தான், ஆனால் பெரும் பயனுள்ள தற்செயல். சரளைத் தரையில் 1.7 சதவீத இறக்கம் சைக்கிளை மெல்ல உருளவைக்கும். கட்டுமீறிய வேகத்துக்குக் கொண்டுபோகாது. கால் களைத்தால் மிதிப்பதை நிறுத்தலாம், சக்கரம் தானாக ஓடும். பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு கைவலியோடும் பயத்தோடும் இறங்கவேண்டிய மலைச்சாலை அனுபவம் இங்கே இல்லை. பயத்துக்குச் செலவாகும் கவனம் மிச்சமாவதால் கண்ணுக்கு வேலை கிடைக்கிறது. பெரிய சுரங்கம் மட்டும் விதிவிலக்கு. விளக்கில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கோடையிலும் வெப்பம் எட்டு டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும், கூரையிலிருந்து நீர் சொட்டும், இருபுறக் கால்வாய்களிலும் ஓடும் நீரின் சத்தம் கூடவே வரும். மாநில எல்லையும் நேர மண்டலத்தின் எல்லையும் இந்த இருட்டுக்குள்ளேயே கடந்துபோகின்றன. வெளியே வந்தபின் மீதமுள்ள தூரம் முழுக்க, மலை தன் உயரத்தை ஏறக்குறைய முந்நூறு மீட்டர், கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுக்கொடுக்கிறது. இப்படி விட்டுக்கொடுக்க வைத்தது மனித உழைப்பு என்பதால்தான் அதை இயற்கையின் கொடை என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

அந்த உழைப்பு யாருடையது என்பது தெரிந்ததே. 1906-க்கும் 1909-க்கும் இடையில் இந்த மலையை உடைத்தவர்களில் பெரும்பகுதியினர் வெளியிலிருந்து வந்த கூலிகள். செர்பியர்கள், மான்டினீக்ரோக்காரர்கள், இத்தாலியர்கள், ஜப்பானியர்கள். கிழக்கு வாயிலருகே அவர்களுக்காக முளைத்த டாஃப்ட் என்ற ஊர் குடிக்கும் சூதுக்கும் கொலைக்கும் பேர்போனது என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின; பனிக்காலத்தை மரக்குடிசையில் கழித்து, பகலெல்லாம் வெடிமருந்தோடு பாறைக்குள் நின்றவர்களைப் பற்றி அதைவிட ஆழமாக எழுத அந்தப் பத்திரிகைகளுக்கு அக்கறை இருக்கவில்லை. தடம் முடிந்த மறு ஆண்டு, 1910 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில், பெருங்காற்று பல நூறு சிறு தீக்களை ஒன்றாக்கியது. இரண்டே நாளில் முப்பது லட்சம் ஏக்கர் காடு எரிந்தது; இறந்தவர்கள் எண்பதுக்கும் மேல், பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். டாஃப்ட் சாம்பலானது. ஆனால் இந்தத் தடத்தின் ஓரமாக வாழ்ந்த சில நூறு பேர் பிழைத்தார்கள். எரிந்துகொண்டிருந்த காட்டுக்கு நடுவே ஆட்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் ஓடின, பற்றத் தொடங்கிய பாலங்களைத் தாண்டின, சுரங்கங்களுக்குள் போய் நின்றன. பாறையைக் குடைந்தபோது எவரும் எண்ணியிராத பயன் அது. ஒரு தடம் எதற்காகப் போடப்பட்டதோ அதற்கு மட்டுமே உரியதில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா என்ன? சைக்கிள்கள் வந்ததும் அந்த வரிசையில் இன்னொன்று, இதற்குமுன் நடந்ததைவிட மென்மையான ஒன்று.

இனி இந்தத் தடம் கைவிடப்பட்ட கதை. வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது, ஆகவே சற்று நின்று பார்க்கவேண்டும். பசிபிக் விரிவாக்கத்துக்குக் கம்பெனி போட்ட மதிப்பீடு ஆறு கோடி டாலர். முடிந்தபோது செலவு அதைப்போலப் பல மடங்கு. அந்தக் கடன்சுமை அதைக் கடைசிவரை விடவில்லை. 1925, 1935, 1977 என மூன்று முறை திவாலானது. இதற்கு நடுவே அது செய்த ஒரு காரியம் உலக ரயில் வரலாற்றில் இடம்பெறத் தக்கது. மொன்டானாவின் ஹார்லோட்டனிலிருந்து ஐடஹோவின் ஏவரி வரை, இந்த மலையையும் சேர்த்து, ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தடத்தை 1916 வாக்கில் மின்மயமாக்கியது. அக்கம்பக்கத்து அருவிகளின் மின்சாரம், பியூட் நகரத்துச் சுரங்கங்களின் செம்பு. கடுங்குளிரில் நீராவி எஞ்சினின் பலம் பாதியாகும் நாட்களிலும் மின் எஞ்சின் தளராமல் இழுத்தது. சுரங்கத்தில் புகையில்லை, காட்டில் விழும் தீப்பொறியில்லை. இன்னும் வியப்பானது, இறங்கும் வண்டியின் மோட்டார்கள் மின்னாக்கிகளாக மாறி, சரிவில் கிடைத்த ஆற்றலைக் கம்பிக்கே திருப்பிக் கொடுத்தன. கீழே வரும் வண்டியின் எடை மேலே போகும் வண்டிக்குக் கைகொடுத்தது. சரிவை வெறும் தடையாகப் பார்க்காமல் சேமிப்பாகவும் பார்த்த தொழில்நுட்பம் இது. 1974 கோடையில் இந்தக் கம்பிகளை நிறுத்தினார்கள். செம்பைப் பழைய உலோக விலைக்கு விற்று டீசலுக்கு மாறினார்கள். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை அறிவிக்கப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. அடுத்த ஆறு ஆண்டுகளில் தடமே மூடப்பட்டது. மேற்குத் தடத்தின் சில செலவுகள் கணக்கில் இருமுறை ஏறியதால்தான் அது நட்டமாகத் தெரிந்தது என்று வாதிடும் ரயில் வரலாற்றாய்வாளர்களும் உண்டு. அவர்கள் சொல்வது சரியா என்பதைத் தீர்க்காமலேயே ஒன்றைச் சொல்லலாம்: நூறாண்டுக்குப் பயன்படக்கூடிய ஒன்றின் விதியை, ஐந்தாறு ஆண்டுக் கணக்கு வழக்கைப் பார்த்துத் தீர்மானித்தார்கள். எண்ணெயும் மின்சாரமும் செம்பும் என்ன விலைக்குப் போகும் என்று அடுத்த ஆண்டுக்கே சரியாகச் சொல்ல முடியாதவர்களுக்கு, ஒரு சரிவு இனி எவருக்கும் தேவைப்படாது என்று முடிவு கட்டும் தகுதி எங்கிருந்து வந்தது?

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் லேசானதை முதலில் பார்த்துவிடலாம். பெரும்பாலோர் இந்தப் பாதையில் கீழ்நோக்கி மட்டுமே ஓட்டுகிறார்கள். பியர்சனில் காத்திருக்கும் பேருந்து ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டுபோய்ப் பெரிய சுரங்கத்தின் மேற்கு வாயிலருகே இறக்கிவிடுகிறது. ஏறாமல் இறங்குவது மலையை ஏமாற்றுவதாகும், உடம்பு கொடுத்துப் பெறாத காட்சிக்கு மதிப்பில்லை என்கிறார்கள் தீவிரச் சைக்கிள்காரர்கள். உழைத்துப் பெறும் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மலைமீதுள்ள உரிமையைத் தொடைத் தசைகொண்டு அளந்தால், அது இளமையும் உடல்நலமும் ஓய்வுநேரமும் உள்ள சிலரின் தனி அறையாகிவிடும். ஊரின் கோயில் குளத்தில் படிக்கட்டு வைத்துக் கட்டியவர்கள், நீச்சல் தெரிந்தவன் மட்டும் குதித்துக்கொள்ளட்டும் என்று நினைக்கவில்லை. இந்தச் சரிவு மலைக்கு வைத்த படிக்கட்டு. மேலும், ஏற விரும்புபவரை இங்கே எவரும் தடுப்பதில்லை. அதே 1.7 சதவீதம் மேல்நோக்கியும் பொறுமையுள்ள எவரும் ஏறக்கூடியதுதான்.

அடுத்தது இதைவிடக் கனமானது. பழைய தொழில்தடங்களைப் பொழுதுபோக்கிடமாக்கும்போது, அங்கே நடந்த சுரண்டலும் சாவும் ஒரு விளக்கப் பலகைக்குள் சுருங்கிவிடுகின்றன. ரயிலை நம்பி வாழ்ந்த ஏவரி போன்ற ஊர்களின் வேலையிழப்பு, நகரத்திலிருந்து வருபவர்களின் ஒருநாள் மகிழ்ச்சிக்குப் பின்னணியாகிவிடுகிறது. இது உண்மை. பலகைகள் போதாது என்பதும் உண்மை. ஆனால் மாற்று என்ன என்று கேட்கவேண்டும். பாதை வராத இடங்களில் பழைய தடத்துக்கு நேர்ந்தது என்னவென்றால், பாலம் பழைய இரும்பாகப் போனது, சுரங்கவாய் மண்மூடியது, வேலி விழுந்தது, உழவு நிலமானது. அங்கே அந்தக் கூலிகளுக்கு ஒரு பலகைகூட இல்லை. அவர்கள் செய்த வேலையைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. நினைவுக்கு முதல் தேவை, நினைக்கப்படவேண்டிய பொருள் அங்கே இருப்பது. குடைந்த பாறையின் சுவரை விளக்கொளியில் பார்த்துக்கொண்டு 2.7 கிலோமீட்டர் போகிறவர், இதை மனிதர்கள் செய்தார்கள் என்ற எண்ணம் ஒருமுறையாவது எழாமல் மறுபக்கம் போய்ச் சேர்வது கடினம்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் இன்னொரு பாதை இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. முல்லன் என்ற ஊரிலிருந்து பிளம்மர்வரை 115 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கோர் டலேன் பாதை, யூனியன் பசிபிக் கம்பெனியின் பழைய தடம். வெள்ளிச் சுரங்கங்களின் கழிவு அந்தத் தடத்தின் மண்ணிலேயே கலந்திருந்தது. ஈயமும் துத்தநாகமும் வெளியே கசியாமலிருக்க, மேலே தார் போட்டு மூடியதுதான் அந்தச் சைக்கிள் பாதை. கோர் டலேன் பழங்குடியினரும் ஐடஹோ மாநிலமும் கூட்டாக அதை நிர்வகிக்கிறார்கள். நஞ்சாக்கப்பட்ட ஒரு நிலத்தின் தொன்மையான உரிமையாளர்கள் அதன் பராமரிப்பில் பங்குபெறுவதை வெறும் சுற்றுலா அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சேதத்தைச் செய்தவர்கள் தூய்மைப்படுத்துவதன் ஒரு வடிவமாகவே அந்தப் பாதை உருவானது.

ஆனால் எனக்கு உண்மையிலேயே தொந்தரவு தருவது ரயிலை நேசிப்பவர்களின் ஆட்சேபம்தான். சைக்கிள் பாதை, அவர்கள் சொல்கிறார்கள், தோல்விக்குப் போடும் மாலை. பொதுப் போக்குவரத்தைக் கொன்றுவிட்டு அதன் இடத்தில் ஓய்வுநாள் விளையாட்டை வைத்துவிட்டு, எல்லாம் நன்மைக்கே என்று ஊரை நம்பவைக்கிறது. ஒருமுறை பாதையாகிப் பலரும் பழகிவிட்டால் ரயில் திரும்ப வரக் கேட்பதே ஊர்ப்பகையாகிவிடும். இதில் உள்ள அச்சம் நியாயமானது. உலகம் கரிப்புகையைக் குறைக்கத் தவிக்கும் காலத்தில், மின்மயமான மலைத்தடம் ஒன்றைப் பிடுங்கியெறிந்தது தவறு என்று நானும் கருதுகிறேன். இருந்தாலும் குற்றத்தை இடம் மாற்றிப் போடக்கூடாது. 1980-ல் ரயிலை நிறுத்தியது சைக்கிள் இல்லை; சைக்கிள் வர அதற்குப் பின் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் ரயில் திரும்பி வரவுமில்லை. இந்த அச்சத்துக்கு அமெரிக்கச் சட்டம் கண்ட விடையும் கவனிக்கத் தக்கது. 1983-ல் அவர்களுடைய தேசியப் பாதைகள் சட்டத்தில் சேர்த்த ஒரு திருத்தம், ஓட்டம் நின்ற ரயில்தடத்தைக் கைவிடப்பட்டதாகக் கருதாமல், எதிர்கால ரயிலுக்காகச் சேமித்து வைத்ததாகக் கருதலாம் என்றது. நடுவில் உள்ள காலத்தில் மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பயன்படுத்திக்கொள்ளலாம். இப்படிச் சேமித்த தடங்களில் சிலவற்றில் ரயில் திரும்பவும் ஓடியிருக்கிறது. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் உழுது துண்டாடப்பட்ட தடத்தில் அந்தச் சிறிய வாய்ப்பும் கிடையாது. பாதை ரயிலுக்குச் சமாதி கட்டுகிறது என்பவர்கள், சமாதியே இல்லாமல் போன நூற்றுக்கணக்கான தடங்களைப் பார்க்க மறுக்கிறார்கள்.

நிலத்துக்காரர்களின் கட்சி ஒன்றும் இருக்கிறது. எங்கள் பாட்டன் ரயில் போக வழிவிட்டான். ரயில் போய்விட்டால் நிலம் எங்களுக்கு வரவேண்டும், முன்பின் தெரியாத சைக்கிள்காரர்களுக்கு நாங்கள் வழிவிடுவதாகச் சொல்லவில்லையே என்கிறார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் எழுந்த இப்படியொரு வழக்கில் 1990-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983-ன் சட்டம் செல்லும் என்றது. நிலம் பறிபோனதாக நிறுவ முடிந்தவர்கள் இழப்பீடு கேட்கும் வழியையும் திறந்தே வைத்தது. 2014-ல் வயோமிங்கிலிருந்து வந்த வழக்கில், 1875-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரயிலுக்குக் கொடுக்கப்பட்ட வழியுரிமை ரயில் கைவிட்டதும் முடிந்துபோகிறது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நிலவுரிமை பெரிய விஷயம். அதைப் பொதுநலன் என்ற ஒற்றைச் சொல்லால் அடித்து நொறுக்கக் கூடாது. இழப்பீடு கொடுக்கப்படவேண்டும், தாமதமின்றிக் கொடுக்கப்படவேண்டும். ஆனால் இந்த வாதத்தில் ஒரு நுணுக்கம் விடுபடுகிறது. பாட்டன் கொடுத்தது சமனற்ற ஒரு மலைச்சரிவையோ புல்வெளியையோ. திரும்பப் பெறக் கேட்பது பலரின் உழைப்பால் மட்டம் செய்யப்பட்ட, இரு பக்கமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொடர்வதால் மட்டுமே பொருள்படுகிற ஒரு கோட்டின் துண்டை. அந்தத் துண்டின் மதிப்பு அதன் தொடர்ச்சியில் இருக்கிறது. தொடர்ச்சியோ எந்தத் தனியொருவருடையதும் இல்லை.

மில்வாக்கி ரோட்டின் வரலாறே இதைக் கண்கூடாகக் காட்டுகிறது. அதன் தடம் கைவிடப்பட்டது 1983-ன் சட்டத்துக்கு மூன்றாண்டு முன்பு. மொன்டானாவில் பெரும்பகுதி துண்டு துண்டாகக் கைமாறிக் கலைந்தது. வாஷிங்டன் மாநிலம் மட்டும் விழித்துக்கொண்டு தன் எல்லைக்குள் இருந்த தடத்தின் பெரும்பகுதியைப் பணம் கொடுத்து வாங்கியது. இன்று அது 450 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாதை, நடுவே ஸ்னோகுவால்மி மலையைத் துளைக்கும் 3.6 கிலோமீட்டர்ச் சுரங்கம். கொலம்பியா ஆற்றின்மேல் நின்றிருந்த பழைய பெவர்லி ரயில்பாலம் பல பத்தாண்டுகள் பயனற்றுக் கிடந்து, 2022-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் திறக்கப்பட்டது. பாலம் இடிக்கப்படாமல் இருந்ததால்தான் அதைத் திறக்க முடிந்தது.

பிட்டர்ரூட்டில் இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. பியர்சனுக்குக் கீழே ஏவரிவரை பழைய தடம் கார்கள் ஓடும் மண்சாலையாக இருக்கிறது. சுரங்கங்களும் அதில் உண்டு, சைக்கிளும் போகலாம், ஆனால் தூசியும் வண்டிகளும் கலந்த பாதையில் குழந்தைகளை அழைத்துப்போகப் பெற்றோர் தயங்குவார்கள். கிழக்கே சுரங்க வாயிலிலிருந்து செயின்ட் ரீஜிஸ் என்ற ஊர்வரை ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குத் தடம் பிழைத்திருக்கிறது. அங்கும் சில பகுதிகளில் மோட்டார் வண்டிகளோடு பங்குபோடவேண்டும். நாட்டின் கிழக்கிலுள்ள தலைநகரிலிருந்து பசிபிக் பக்கத்து வாஷிங்டன் மாநிலம்வரை, ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய ரயில்தடங்களைக் கோத்து ஒரே பாதையாக்கும் திட்டம் 2019-ல் அறிவிக்கப்பட்டது. அது முடியவேண்டுமானால் இதுபோன்ற மலைகளில் விடுபட்ட கண்ணிகளை ஒவ்வொன்றாக வாங்கவேண்டும், வாங்கியதைப் பராமரிக்கவேண்டும், பாலத்தின் ஆணிகளை ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும். இதற்கெல்லாம் பணம் ஒதுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், சைக்கிள் சுங்கத்தில் என்ன வசூலாகிறது என்று மட்டும் கணக்குப் பார்த்தால் 1980-ல் நடந்ததையே மறுபடி செய்வார்கள். 1909-ல் போட்ட 1.7 சதவீதத்தை இன்று கூலி கொடுத்து வெட்ட எவ்வளவு ஆகும் என்பதையும் அந்தக் கணக்கில் எழுதவேண்டும்.